உயர்நிலை 1 தமிழ் வகுப்பு: ஒரு பள்ளித் துணை முதல்வர் முதல்வரான பாதை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டரை மணி. பள்ளி அலுவலகத்தில் ஓர் அம்மா வந்து நின்றார். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இரவு வேலை. காலையில் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். வேலையிட அனுமதி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். தொடக்கப்பள்ளி முடித்து உயர்நிலை 1இல் சேர்ந்திருந்த மகன் அப்போதுதான் மூன்றாம் மாடியில் தமிழ் வகுப்புக்குள் நுழைந்திருப்பான். மற்ற பிள்ளைகள் கேட்டைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

துணை முதல்வர் வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னது இரண்டே வாக்கியம். "மேடம், வேற மொழி மாத்திக்க முடியுமான்னு பையன் கேக்குறான். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அந்தத் துணை முதல்வரும் தமிழர்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பையனைப் பள்ளி முடிந்தபின் தமிழ் படிக்க வைத்த கால அட்டவணையைப் போட்டவரும் அவரே. அதில் கையெழுத்திட்ட முதல்வர் நான்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் வேறொரு பள்ளியில் முதல்வர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். பள்ளித் தலைமைக்கு வர நினைக்கும் தமிழாசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தலைமைப் பயிற்சி என்றாலே பலர் சான்றிதழையும் நேர்முகத் தேர்வையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தப் பயிற்சியின் கடினமான பகுதி எப்படி இருக்கும் என்பதை இந்தச் சம்பவத்தில் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவர் வந்த வழி

ஒரு காலத்தில் சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. தமிழாசிரியராகச் சேர்ந்த ஒருவர் தன் மொழியிலேயே ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் ஆகலாம். 1982இல் கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதோடு அந்த வழி முடிந்தது. அதன்பிறகு தமிழாசிரியர் எல்லாரும் ஆங்கிலவழிப் பள்ளிக்குள் இருக்கும் ஒரு சிறிய பாடக் குழுவில்தான் வேலை பார்க்கிறார்கள். பல பள்ளிகளில் தமிழுக்கு இரண்டு பேர், சில இடங்களில் ஒருவர். சீனம், மலாய், தமிழ் மூன்றும் சேர்ந்த தாய்மொழித் துறைக்குத் தலைவராகப் பெரும்பாலும் சீனமொழி ஆசிரியர் இருப்பார், தமிழுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். யார் மேலும் தவறு இல்லை, எண்ணிக்கை அப்படி. ஆனால் இதனால் ஒரு விளைவு உண்டு. கணிதத்திலோ அறிவியலிலோ இருக்கும் ஆசிரியருக்கு முப்பத்தைந்து வயதிலேயே பத்துப் பேரை வழிநடத்தும் வாய்ப்பு வந்துவிடுகிறது. தமிழாசிரியருக்கு அது தானாக வருவதில்லை.

இவர் அதைத் தேடிப் போனார். தமிழோடு நிற்காமல் மாணவர் நலனைக் கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கினார், ஒரு வகுப்பு நிலை முழுவதற்கும் பொறுப்பான நிலைத் தலைவர் ஆனார். நம் கல்வியமைச்சில் ஆசிரியருக்கு மூன்று தடங்கள் உண்டு: கற்பித்தல், தலைமைத்துவம், வல்லுநர். தலைமைத்துவத் தடத்தில் பாடத் தலைவர் அல்லது நிலைத் தலைவர், துறைத் தலைவர், துணை முதல்வர், முதல்வர், அப்புறம் பள்ளிக் குழுமக் கண்காணிப்பாளர் என்று படிகள் ஏறும். ஒவ்வொரு படியிலும் வேறொரு பள்ளிக்கு மாற்றல் வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டே அவர் ஏறினார். என் பள்ளி அவருக்கு மூன்றாவது பள்ளி.

என்னிடம் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் சொன்னது நினைவிருக்கிறது. "சார், கூட்டத்துல நான் பேசுனா தமிழ் டீச்சர் பேசுறாங்கன்னு கேக்குறாங்க. துணை முதல்வர் பேசுறாங்கன்னு கேக்க வைக்கணும்." இந்த எண்ணம் பின்னால் அட்டவணை விஷயத்திலும் வந்து சேர்ந்தது. அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

கண்காணிப்பாளர் என்றால் யார்

கதைக்குள் இன்னொருவர் வருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1997இல்தான் பள்ளிகளைக் குழுமங்களாகப் பிரிக்கும் முறை வந்தது. 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்' என்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அறிவித்த அதே ஆண்டு. அதற்கு முன்பு அமைச்சின் ஆய்வாளர்கள் பள்ளிகளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். குழுமம் வந்தபிறகு, ஏறக்குறைய ஒரு டஜன் பள்ளிகளுக்கு ஒரு கண்காணிப்பாளர். அவர் முன்பு தானே முதல்வராக இருந்தவர். முதல்வர்களை மதிப்பிடுவதும் அவர்தான், வளர்ப்பதும் அவர்தான்.

அமெரிக்காவில் இதே பெயருள்ள பதவி வேறு மாதிரி. அங்கே பள்ளி மாவட்டங்கள் மட்டும் 13,000 அளவில் இருக்கின்றன. பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் கண்காணிப்பாளரை வேலைக்கு அமர்த்துகிறது. பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. அதனால் அவர் வரவுசெலவோடும் வாரியத்தோடும் பொதுக்கூட்டத்தோடும் நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டும். இங்கே குழுமக் கண்காணிப்பாளருக்கு வாரியமும் இல்லை, வரியும் இல்லை. பாடத்திட்டம், ஆள், பணம் எல்லாம் அமைச்சிலிருந்து வருகின்றன. ஆக, அவர் நேரத்தில் பெரும்பகுதி மனிதர்களுக்குப் போகலாம். எல்லாக் கண்காணிப்பாளரும் அப்படிச் செலவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கண்காணிப்பாளர் செலவிட்டார். சீனர், என்னைவிட இரண்டு வயது இளையவர். பள்ளிக்கு வந்தால் என் அறைக்கு வருமுன் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு கோப்பி-ஓ குடிப்பார். அங்கேயே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும்.

சிவப்புக் கட்டங்கள்

2024ஆம் ஆண்டு உயர்நிலை 1 மாணவர்களிலிருந்து முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தும் முறை நடப்புக்கு வந்தது. விரைவுநிலை, வழக்கநிலை என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த பிரிவுகள் போய்விட்டன. எல்லாரும் கலந்த வகுப்புகளில் உட்காருவார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, குணநலன் மற்றும் குடியியல் கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவும் பயனீட்டாளர் கல்வியும் என ஆறு பாடங்களை வகுப்போடு சேர்ந்து படிப்பார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி போன்றவற்றுக்கு அவரவர் திறனுக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகளாகப் பிரிந்து போவார்கள், ஜி3தான் அதில் கடினமானது.

நோக்கம் அருமையானது, நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அட்டவணை போடுகிறவருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்புகள் கலந்திருப்பதால், ஒரு நிலையின் தாய்மொழிப் பாடம் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும். சீனமொழிக்கு ஐந்து குழு, மலாய்க்கு இரண்டு, தமிழுக்கு 19 பிள்ளைகள். அந்தப் பத்தொன்பதில் 11 பேர் ஜி3, ஆறு பேர் ஜி2, இரண்டு பேர் ஜி1. தமிழாசிரியர் மொத்தம் இரண்டே பேர். அவர்கள் இருவரும் உயர்நிலை 1க்குள் போய்விட்டால் அந்த நேரத்தில் வேறு எந்த நிலைக்கும் தமிழ் நடத்த ஆள் இல்லை.

அப்புறம் சிறப்பு அறைகள். எங்களிடம் இரண்டு பட்டறைகளும் இரண்டு சமையற்கூடங்களும் இருந்தன. முழு நிலையும் அவற்றைப் பங்கு போட வேண்டும். ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று மாற்றிப் போட்டும் மென்பொருளில் மோதலைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள் மறையவில்லை. கடைசியில் செவ்வாயும் வியாழனும் உயர்நிலை 1 தாய்மொழி நேரம் உயர்நிலை 4 தாய்மொழி நேரத்தோடு மோதியது. உயர்நிலை 4க்குத் தேசியத் தேர்வு, அதில் கைவைக்க முடியாது.

அவர் எடுத்த முடிவு இது. உயர்நிலை 1 தமிழ் மாணவர்கள் மட்டும் அந்த இரண்டு நாளும் தாய்மொழி நேரத்தில் ஒரு மணி நேரம் நூலகத்தில் சுயமாகப் படிப்பார்கள். அவர்களுடைய தமிழ்ப் பாடம் பள்ளி முடிந்தபின் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை நடக்கும்.

அட்டவணையை என்னிடம் கொண்டுவந்தபோது சிவப்பு எங்கும் இல்லை. "வேற வழியில்ல சார். தமிழ்ப் பிள்ளைங்கதான் கம்மி. நானே தமிழ், நானே இதச் செஞ்சா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். நானும் தலையாட்டினேன். தமிழுக்குச் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் கவலை முடிவை ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. தன் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடம்தான் நாம் முதலில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். சிறுபான்மையிலிருந்து தலைமைக்கு வருகிற பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன்.

நூலகத்தில் ஒரு மணி நேரம்

அந்த அம்மா வந்து போன மறுவாரம் கண்காணிப்பாளர் வந்தார். நாங்கள் மூவரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். அவர் அட்டவணையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு: 'இதை மாற்றுங்கள்' என்று அவர் சொல்லிவிட்டால் சீனமொழித் துறையிடம் போய் 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிவிடலாம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது பேர் நூலகத்தில் இருக்கும் நேரத்தில் போய் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தாரா என்று துணை முதல்வரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். கண்காணிப்பாளர் பேச்சை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணை முதல்வர் நூலகத்துக்குப் போனார். பிற்பாடு அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். நீளமான இரண்டு மேசை. ஒன்றில் பெண் பிள்ளைகள், ஒன்றில் பையன்கள். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தவர் இரண்டு பேர். ஒருவன் கணித வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். ஒரு பெண் பென்சில் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து நிற வாரியாக அடுக்கி, திரும்ப உள்ளே போட்டு, மறுபடி அடுக்கினாள். நூலகத்துக்கு எதிர் வகுப்பில் சீனமொழிப் பாடம். ஆசிரியர் ஒரு வரி சொல்ல முழு வகுப்பும் திருப்பிச் சொல்லும் சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஒழுங்காக, அமைதியாக இருந்தார்கள். "அந்த அமைதிதான் சார் எனக்குத் தாங்கல" என்றார். எழுந்து வரும்போது ஒரு பையன், "டீச்சர், நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமா? இங்க உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டானாம்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் கால அட்டவணையின் சிக்கல் தெரியாது. தமிழ் எடுத்தவன் தனியாக உட்கார வேண்டும், தாமதமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று குடியியல் வகுப்பில் நாம் சொல்லிக் கொடுப்பதையும், வாரத்தில் இரண்டு நாள் அட்டவணை சொல்லிக் கொடுப்பதையும் வைத்து அவன் எதை நம்புவான்?

யார் சொல்வது

மாற்று வழி இல்லாமல் இல்லை. புதனும் வெள்ளியும் காலை முதல் மணி நேரம் சீனமொழி ஆசிரியர்கள் எல்லாருக்கும் வகுப்பு கிடையாது. அவர்கள் கூடிப் பாடம் திட்டமிடுவதற்காக அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். உயர்நிலை 1 தாய்மொழியை அங்கே நகர்த்தினால் மோதல் போய்விடும். ஆனால் அவர்களுடைய நேரம் போய்விடும். பட்டறைப் பாடம் இரண்டும் இரட்டை வாரத்துக்கு மாறும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அட்டவணையைத் திரும்பப் போட வேண்டும். அதையும் மார்ச் விடுமுறை ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். அவரைக் காப்பாற்ற நினைத்தேன். அடுத்த ஆண்டு அவர் பெயர் முதல்வர் பயிற்சிக்குப் போகவிருந்தது. அத்தனை ஆசிரியர் முன்னால் 'என் முடிவு தவறு' என்று அவர் நிற்க வேண்டாம், என் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம் என்று எழுதியும் வைத்துவிட்டேன். அன்று மாலை கண்காணிப்பாளர் வேறொரு காரியமாகத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அதை அவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார். அவ்வளவுதான்.

மின்னஞ்சலை அழித்தேன். முப்பது ஆண்டு அனுபவத்தில் எனக்கு இது உறைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. நான் அனுப்பியிருந்தால் அட்டவணை மாறியிருக்கும். ஆனால் 'முதல்வர் தலையிட்டார்' என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த பள்ளியில் முதல்வர் நாற்காலியில் உட்காரும்போது, எடுத்த முடிவைத் திரும்பப் பெறுவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நம் ஊரில் கீழே இருப்பவர் தவறை மேலே இருப்பவர் மூடி மறைப்பதை அன்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அன்புதான். ஆனால் தலைமைக்குப் பழக்குகிற இடத்தில் அது திருட்டு மாதிரி. அவர் கற்றுக்கொள்ள வேண்டியதை நாம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

ஆசிரியர் கூட்டத்துக்கு முன்னால் அவர் தாய்மொழித் துறைத் தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். அந்தச் சந்திப்பு நன்றாகப் போகவில்லை. 'எங்கள் நேரத்தை ஏன் எடுக்கிறீர்கள்' என்ற கேள்வி நியாயமானதுதான், அந்தத் துறையும் அந்த நேரத்துக்காக இரண்டு ஆண்டு காத்திருந்தது. இவர் எதிர்வாதம் செய்யவில்லை. வியாழக்கிழமை நூலகத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். துறைத் தலைவர் வந்தார். பத்து நிமிடம் நின்றார். அந்தத் தவணைக்கு மட்டும் புதன்கிழமை நேரத்தை விட்டுத் தருவதாகவும், வெள்ளிக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் மதியத்துக்குப் போனது. ஆசிரியர்களுக்கு அது சுமைதான்.

கூட்டத்தில் துணை முதல்வர் பேசியது நான்கு நிமிடம் இருக்கும். அட்டவணையைத் தான்தான் போட்டதாகவும், எண்ணிக்கையைப் பார்த்ததாகவும், பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். எந்தத் துறை எதை விட்டுக்கொடுக்கிறது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொன்னார். குரல் ஒருமுறை நின்றது. நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களுக்கு அவர் துணை முதல்வராகவே கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நன்யாங்கில்

முதல்வர்களைத் தயாரிக்கும் பயிற்சி இங்கே 1984இல் கல்வி நிர்வாகப் பட்டயமாகத் தொடங்கியது. 2001இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகம் அதற்குப் பதிலாகக் கல்வித் தலைவர்களுக்கான திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதம், முழுநேரம், சம்பளத்தோடு. பட்டயம் பள்ளியை எப்படி நிர்வகிப்பது என்று சொல்லிக் கொடுத்தது. புதிய திட்டம் நிச்சயமில்லாத சூழலில் எப்படி யோசிப்பது என்பதைப் பழக்க முயன்றது. இதன் முதுகெலும்பு ஒரு செயல்திட்டம்: பயிற்சி பெறுபவரை வேறொரு பள்ளியோடு இணைத்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வரப்போகும் உலகத்தை எண்ணி அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்வார்கள். அதிகாரம் எதுவும் கையில் இல்லாமல், அந்தப் பள்ளி ஆசிரியர்களைச் சம்மதிக்க வைத்துத்தான் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணமும் உண்டு, குழுவாகச் சேர்ந்து அலசும் அமர்வுகளும் உண்டு.

இவர் அங்கே போனபிறகு ஒருநாள் தேக்காவில் சந்தித்துத் தோசை சாப்பிட்டோம். அதிகாரம் இல்லாமல் சம்மதிக்க வைப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நூலகத்துக்கு வாங்கன்னு கூப்பிட்ட மாதிரிதான் சார்" என்றார். சக பயிற்சியாளர்களிடம் அட்டவணைக் கதையைச் சொன்னாராம். ஒவ்வொருவரிடமும் இதேபோல ஒரு கதை இருந்திருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு அதைச் சொல்ல வாய்ப்பே வந்ததில்லை, காரணம் அவர்களுடைய முதல்வர் மின்னஞ்சலை அனுப்பிவிட்டிருந்தார்.

அதனால் தலைமைத்துவத் தடத்துக்குப் போக நினைக்கும் தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. துறை சிறியது என்று காத்திருக்காதீர்கள். மாணவர் நலனோ அட்டவணையோ தேர்வு நிர்வாகமோ, பள்ளி முழுவதையும் தொடும் ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். கை சுடும் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்டு வருபவரை வைத்திருக்கும் முதல்வர்களுக்கும் ஒன்று: பக்கத்தில் இருங்கள், முன்னால் போய் நிற்காதீர்கள்.

பின்பு

ஆண்டு இறுதி நியமன விழாவில் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. வழக்கம்போல வேறொரு பள்ளிக்குத்தான் நியமனம். அங்கே தமிழுக்கு ஒரே ஓர் ஆசிரியர். உயர்தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று பக்கத்துப் பள்ளியோடு பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் கண்காணிப்பாளரும் குழுமம் மாறிவிட்டார்.

அந்த அம்மாவின் மகன் தமிழை மாற்றவில்லை. மார்ச் விடுமுறைக்குப் பின் மற்றவர்களோடு சேர்ந்து பள்ளி நேரத்துக்குள்ளேயே தமிழை முடித்துவிட்டான். ஆனால் செவ்வாயும் வியாழனும்தான் காற்பந்துப் பயிற்சி நாள். முதல் தவணை முழுவதும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதால் அணித் தேர்வில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. துணை முதல்வர் பயிற்றுநரிடம் இரண்டு முறை பேசினார். அணி அதற்குள் நிரம்பிவிட்டது. அட்டவணையை மாற்றியும் எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் அதைத்தான் முதலில் சொல்வார்.

போன மாதம் அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். பையன் இப்போது உயர்நிலை 3, அடுத்த ஆண்டு புதிய பொதுத் தேர்வை எழுதப்போகும் முதல் மாணவர் தொகுதியில் ஒருவன். தமிழ் ஜி3தான் எடுத்திருக்கிறான். சாயங்காலம் ஆனால் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் இருட்டும்வரை பந்து உதைக்கிறானாம்.